சோதனைச்சாவடியில் அவின்போக்கா

மூன்றாவது முறையாகச் சிப்பாய் கேட்கிறான்: "அன்னக்கூடைல என்ன?" அவின்போக்கா வானத்தைப் பார்க்கிறாள், மழை வருமா என்று யோசிப்பவளைப் போல. தலையில் தக்காளி நிறைந்த அன்னக்கூடை, வாயில் மென்றுகொண்டிருக்கும் கோலாக்கொட்டை. சிப்பாய் குரலை உயர்த்துகிறான். அவள் நிதானமாக என் பக்கம் திரும்புகிறாள். "வாத்தியாரே, இந்தப் புள்ளைக்கு அம்மா இருக்காளான்னு கேளுங்க. இருந்தா, காலைல அவ மூஞ்சில முழிச்சதும் 'கூடைல என்ன'ன்னுதான் கேப்பானாமா?"

நான் மொழிபெயர்க்கிறேன். சிப்பாயின் முகம் சுண்டிப்போகிறது.

இது நிஜச் சாவடி இல்லை. போல்கா ஊருக்கு வெளியே ஒரு பொட்டல்காட்டில் நாலு தகரப் பீப்பாயை உருட்டிவிட்டு, குறுக்கே ஒரு கழியை வைத்திருக்கிறார்கள். எல்லைக்குப் போகும் எங்கள் படைக்கு, கடல் தாண்டி வந்த அதிகாரிகளும் எங்கள் மேஜரும் சேர்ந்து இங்கே ஆறு வாரம் பயிற்சி கொடுக்கிறார்கள். சிப்பாய்கள் பழகிப் பார்க்கக் கிராமத்து ஜனங்கள் வேண்டுமே! கிராமத்து ஜனங்களாக நடிப்பதற்கு எங்கள் ஊர் ஜனங்களையே கூலிக்கு அமர்த்தியிருக்கிறார்கள். பள்ளிக்கூட விடுமுறையில் நான் மொழிபெயர்ப்பாளன்.

ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை உண்டு. அவின்போக்காவுக்கு எழுத்து தெரியாது, நான்தான் வாசித்துச் சொன்னேன். 'கோபக்காரக் கிராமத்துப் பெண். எண் நான்கு. நம்பிக்கை வந்தால் மட்டும் தகவல் சொல்லவும்.' அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்: "கோவக்காரியா? நானா? எவன் போய்ச் சொன்னான் இவங்ககிட்ட?" பக்கத்தில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். சொல்லிவைக்க ஆளே தேவையில்லை, அவ்வளவு ஊரறிந்த கோபம் அது.

வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். அவளே சரியாகச் சொல்ல மாட்டாள். இருபத்திரண்டு வருஷமாக அசோலுகு சாலை வழியாக எல்லை தாண்டிப் புர்க்கினா நாட்டுப் பக்கம் போய்த் தக்காளி எடுத்துவந்து, மூன்று நாளைக்கு ஒருமுறை கூடும் போல்கா சந்தையில் விற்கிறாள். பயிற்சிக்கென்று முகாமில் கொடுத்த தக்காளியை முதல் நாளே முகர்ந்து பார்த்துவிட்டுப் பன்றிகளுக்குப் போட்டாள். "இதத் தூக்கிட்டுப் போனா என்னைத் தெரிஞ்சவ எவளாவது பாத்துத் தொலைப்பா." மறுநாளிலிருந்து சொந்தத் தக்காளிதான். மதியம் சோற்று நேரத்தில் அதையே முகாம் சமையற்காரனுக்கு விற்றும்விடுவாள். நடிப்பு ஒரு பக்கம், வியாபாரம் ஒரு பக்கம்.

அவளிடம் ஒரு பிடிவாதம் உண்டு. விடிந்ததா, வீட்டில் எல்லோரும் நன்றாக எழுந்தார்களா, பிள்ளைகள் எப்படி, ஆடுகள் எப்படி, கம்பு எப்படி என்று முறையாக விசாரிக்காதவனுக்கு ஒரு வார்த்தை பதில் வராது. எங்கள் பக்கத்தில் எல்லோருமே அப்படித்தான். ஆனால் துப்பாக்கிக்கு முன்னால் மற்றவர்கள் கொஞ்சம் வளைந்து கொடுப்பார்கள், இவள் மாட்டாள். கடல் தாண்டி வந்த கேப்டன் ஹென்ரிக் கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, ஒரு ஆளுக்கு நாற்பது நொடிதான் என்று கணக்குச் சொல்லுவார். நல்ல மனிதர், ஆனால் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கவே மாட்டார். "நாப்பது நொடியில எங்க வீட்டு ஆடுங்களையே விசாரிச்சு முடிக்க முடியாது, கேப்டன் தம்பி" என்பாள் அவின்போக்கா. நாலு குழுக்கள் அவளிடம் வந்து, ஒன்றும் தெரியாமல் திரும்பிப் போயின.

இதையெல்லாம் அவள் வேடிக்கைக்குச் செய்யவில்லை. ஒரு நாள் வேப்பமரத்தடியில் சோறு தின்றுகொண்டிருக்கும்போது என்னிடம் சொன்னாள். அசோலுகு நிஜச் சாவடியில் இப்போது இருக்கும் படை யாரையும் விசாரிக்காது, கூடையைக் கவிழ்த்துத்தான் பார்க்கும். நசுங்கிய தக்காளியை யார் வாங்குவார்கள்? அதனால் பெண்கள் சாலையை விட்டுவிட்டுக் கம்பங்காட்டுப் பாதையில் போக ஆரம்பித்தார்கள். அங்கே ஒரு விடியற்காலையில், முகத்தை மூடிய ஆட்கள் மோட்டார் சைக்கிள்களில் போவதை இவள் பார்த்தாள். மூன்றாம் நாள், எல்லைக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூடம் எரிந்தது. கனிந்துபோன தக்காளியை இவளிடம் வழக்கமாக வாங்கும் அந்தப் பள்ளிக்கூடத்துச் சமையற்காரி சலமாத்தா உள்ளேயே கருகிப்போனாள்.

"நான் பாத்தேன் வாத்தியாரே. அஞ்சு வண்டி. எண்ணக்கூட எண்ணினேன். யார்கிட்டப் போய்ச் சொல்றது? கூடையக் கவுத்தவன்கிட்டயா?" சொல்லிவிட்டு, தட்டிலிருந்த மீனை எடுத்து என் தட்டில் போட்டாள்.

இந்தப் படை தேர்ச்சி பெற்றால் நேரே அசோலுகு போகும். தேறாவிட்டால் பழைய படையே இன்னும் மூன்று மாதம் அங்கே இருக்கும். இது அவளுக்குத் தெரியும். அதனால்தான் கூலி வேண்டாம் என்று மற்றவர்கள் நின்றுபோன நாட்களிலும் அவள் வந்தாள்.

கடைசிச் சோதனை நாள். சாவடியில் சார்ஜென்ட் பாயுவோ நின்றான். நெடுநெடுவென்று உயரம். மேற்கே டாகாபா குலத்துக்காரன். எங்கள் மொழி அவனுக்குப் பாதிக்கு மேல் புரியும். துப்பாக்கியை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டுக் கேட்டான்: "விடிஞ்சுதாம்மா? வீட்ல எல்லாரும் நல்லா எந்திரிச்சாங்களா? ஆடெல்லாம் எப்படி?"

அவின்போக்கா வானத்திலிருந்து பார்வையை இறக்கினாள். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். அவன் அவளுடைய குலத்தை விசாரித்தான், சொன்னாள். அவ்வளவுதான், அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"ஃப்ராஃப்ராக்காரியா! அதான பாத்தேன், நாய்த்தலை வாசன தூரத்துலயே அடிச்சுது. என் பங்கு எங்க கெழவி?"

"அடச்சீ, டாகாபா அடிமையே! எங்க பாட்டன் உப்புக்கு வாங்கின பய நீ. உனக்குத் துப்பாக்கி எவன்டா குடுத்தான்? கீழ வெச்சிட்டு எங்க ஆட்டுக்குத் தழை ஒடிச்சுப் போடு!"

"தழை ஒடிச்சா ஆட்டுக்கு எங்க மிஞ்சும்? நீயே தின்னுருவியே!"

அவள் கையை ஓங்கி அவன் இரும்புத் தொப்பியில் டங்கென்று ஒரு குட்டு வைத்தாள். கேப்டன் விசில் ஊதினார்.

தப்பு என்னுடையது. கேப்டனின் காதில் ஒவ்வொரு வசவையும் அப்படியே சொல்லிக்கொண்டு வந்தேன். அடிமை என்கிறாள், நாய் என்கிறான், கிழவி என்கிறான். மாமன் மகனும் அத்தை மகளும் கேலி பேசுவதில்லையா, அதுபோல ஃப்ராஃப்ரா, டாகாபா என்ற எங்கள் இரண்டு குலங்களும் முறை வைத்துத் திட்டிக்கொள்பவை. நாய்க்கறியில் தலை யாருக்கு என்பது காலங்காலமான கேலிச் சண்டை. கோபித்துக்கொள்கிறவர்தான் மற்றவருக்குச் சோளக்கள் வாங்கித் தர வேண்டும். இதையும் ஒருவருக்கு விளக்க வேண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கடற்கரைப் பக்கத்துக்காரரான எங்கள் மேஜருக்கும் இது தெரியாது. அவர் முகம் கறுத்துவிட்டது. கேப்டன் எழுதினார்: வசைச்சொல், கைகலப்பு, தேர்ச்சி இல்லை.

"என்ன சொல்றாரு?" என்றாள் அவின்போக்கா.

"தோத்துட்டாங்களாம்."

"நான் திட்டினதாலயா?" அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். "அப்ப பழைய ஆளுங்களேதானா?" அவள் குரல் தழுதழுத்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

பீப்பாய்ப் பக்கம் பார்த்தவள் சட்டென்று எழுந்து கேப்டனிடம் போனாள். "தம்பி, உன் பேப்பர்ல நீலச் சட்டைக்காரன் எங்கன்னு எழுதியிருக்கியா?"

கேப்டன் தலையைத் தூக்கினார். பையில் வெடிகுண்டுக் கம்பிச்சுருளோடு எதிரியாக நடித்த ஆள் அவன். நாலு குழுக்களும் கோட்டைவிட்ட ஆள். இப்போது பீப்பாய்க்குப் பக்கத்தில் தலைமேல் கை வைத்துக் குந்தியிருந்தான். இரண்டு சிப்பாய்கள் அவன் பையைப் பிரித்துக் காட்டிச் சிரித்தார்கள்.

"தழை ஒடிக்கச் சொன்னதுக்கும் குட்டு வெச்சதுக்கும் நடுவுல சார்ஜென்ட்கிட்டச் சொன்னேன், 'பின்னால வர்ற நீலச் சட்டை எங்க ஊரு இல்ல, பையப் பாரு அடிமையே'ன்னு. வாத்தியாரு சிரிச்சிட்டே இருந்தாரு, அத விட்டுட்டாரு. நம்பிக்கை வந்தா சொல்லுன்னு அட்டைல எழுதினது நீதான தம்பி?"

எனக்கு வெட்கமாகப் போயிற்று. கேலி முறையை அப்போதுதான் கேப்டனுக்கும் மேஜருக்கும் விளக்கினேன். கேப்டன் எழுதியதைக் குறுக்கே அடித்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "தினமும் இப்படித் திட்ட வேண்டுமா?" என்று கேட்டார்.

"தெனமும். ஒரு நாள் திட்டலன்னா ஒடம்புக்கு என்னவோன்னு பயந்துருவோம்."

மறுநாள் மேஜர் மொத்தப் படையையும் வெயிலில் வரிசையாக நிறுத்தினார். அவின்போக்கா ஒவ்வொருவன் முன்னாலும் நின்று விசாரிக்கக் கற்றுக்கொடுத்தாள். "ஆட்ட விட்டுட்ட. மொதல்லேருந்து சொல்லு." கேப்டன் ஹென்ரிக்கும் வரிசையில் நின்றார், அவருக்குக் கம்பை விசாரிக்க மறந்துபோயிற்று.

மூன்று வாரம் கழித்து, ஒரு சந்தை நாள் காலையில் அவளோடு அசோலுகு சாலையில் நடந்தேன். மற்ற பெண்கள் இன்னும் கம்பங்காட்டுப் பாதையை விடவில்லை, இவள் போய்ப் பார்த்துச் சொல்லட்டும் என்று காத்திருந்தார்கள். சாவடி தெரிந்ததும் அவள் சொன்னாள்: "நேத்து வறண்ட ஆத்து மணல்ல டயர் தடம் பாத்தேன் வாத்தியாரே. நாலு வண்டி. நம்ம பக்கத்து வண்டி இல்ல."

பாயுவோ எங்களைத் தூரத்திலேயே பார்த்துவிட்டான். ஆட்டில் ஆரம்பித்துக் கம்பில் முடித்தான். பிறகு நாய்த்தலையைக் கேட்டான். அவள் வழக்கம்போல அவன் பாட்டன் வரைக்கும் போய்த் திட்டினாள். சுற்றி நின்ற சிப்பாய்கள் சிரித்தார்கள், யாரும் கூடையைத் தொடவில்லை. "சரி போ கெழவி" என்று அவன் கழியைத் தூக்கினான்.

அவள் போகவில்லை. நின்று, பின்னால் கம்பங்காட்டை ஒருமுறை பார்த்தாள். வலது கை தலையிலிருந்த அன்னக்கூடையைப் பிடித்திருந்தது. இடது கையால் சார்ஜென்டின் காதைப் பிடித்து இழுத்து, அவனைத் தன் உயரத்துக்குக் குனியவைத்து, தாழ்ந்த குரலில் சொல்ல ஆரம்பித்தாள்.