மாமாவின் ஹெல்மெட்டில் நான் எழுதியது

போன வாரம் சின்னவன் கேட்டான், மாமாவோட மஞ்சள் ஹெல்மெட்ல என்னமோ எழுதியிருக்கே, அது என்ன பாஷைன்னு. எழுத்து தமிழ், வார்த்தை ஸ்பானிஷ் என்று சொல்லிவிட்டு நான் குளிக்கப் போய்விட்டேன். அன்றைக்கு ஏற்கெனவே ஒருமுறை குளித்தாகிவிட்டது. பிள்ளையின் முகத்தைப் பார்த்து மிச்சத்தைச் சொல்ல முடியவில்லை, அதுதான் விஷயம். சொல்ல வராததை எழுதியாவது வைக்கிறேன். நான் பத்தாவதோடு நின்றவன். தப்பு இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்ளட்டும், ஆனால் விஷயத்தை மட்டும் நல்லபடியாக மாற்றி எழுத வேண்டாம்.

உங்கள் அம்மாவின் தம்பி என்ன வேலை செய்கிறார் என்று யார் கேட்டாலும் நம் வீட்டில் "ஹார்பர்ல வேலை" என்போம். திருவொற்றியூரில் இது ஒரு வசதி. கிரேன் ஓட்டுகிறவனும் ஹார்பர்ல வேலை, மூட்டை தூக்குகிறவனும் ஹார்பர்ல வேலை. அதற்கு மேல் யாரும் தோண்ட மாட்டார்கள். தோண்டினால் பதிலுக்கு அவர்கள் வீட்டையும் தோண்ட வேண்டி வரும். உங்கள் மாமா டாங்க் கிளீனர். எண்ணெய்த் தொட்டி காலியானதும், ஒரு ஆள் மட்டும் நுழையக்கூடிய ஓட்டை வழியாக உள்ளே இறங்கி, அடியில் தங்கிய கசடை வாளி வாளியாக வழித்து மேலே அனுப்புகிற வேலை. எண்ணூர்ப் பக்கம் இருபது வருஷமாக அதைத்தான் செய்கிறார். துணி துவைக்கிற பவுடரைப் போட்டுத் தேய்த்தாலும் அந்த வாசனை பிடரியை விட்டுப் போகாது.

அவர் வரும்போதெல்லாம் நான் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு பேப்பரை விரித்துப் போடுவேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஏதோ மரியாதை செய்கிற மாதிரி செய்வேன். கொஞ்ச நாளில் அவரே உள்ளே வந்ததும் டிவி மேலிருந்து பேப்பரை எடுத்து, விரித்து, அதன்மேல் உட்கார ஆரம்பித்தார். அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

எனக்கு ஸ்பானிஷ் எப்படித் தெரியும் என்பது உங்களுக்கே தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் மூணு வருஷம் சரக்குக் கப்பலில் சமையல்கட்டில் இருந்தேன். கப்பலில் பாதிப் பேர் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள். கப்பலில் ஆளை வேலையை வைத்துத்தான் கூப்பிடுவார்கள். அதனால் முதலில் எனக்கு வந்ததே வேலைப் பேர்கள்தான். வெல்டர் என்றால் சொல்தாதோர். சமையல்காரன் கோசினேரோ. ஹெல்பர் அயுதாந்தே. இதைத் தாண்டி நாலு சாப்பாட்டுப் பேர், ஆறு திட்டு. அவ்வளவுதான் என் ஸ்பானிஷ். ஆனால் தெருவில் "அண்ணனுக்கு ஃபாரின் பாஷை தெரியும்" என்று ஒரு பேச்சு உண்டு. நான் அதை மறுத்ததே இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ராயபுரத்தில் ஒரு ஏஜெண்ட் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். ஸ்பானிஷ் பேசுகிற ஒரு நாட்டில் கப்பல் ரிப்பேர் யார்டு. ஆறு மாச வேலைக்குப் பதினெட்டு ஆள் கேட்டிருக்கிறார்கள். பட்டியல் இங்கிலீஷிலும் ஸ்பானிஷிலும் போக வேண்டும். போனில் போட்டு மொழிபெயர்த்தால் என்னென்னமோ வருது, நீங்க பார்த்து டைப் பண்ணிக் கொடுங்க என்றார். சுழல்கிற நாற்காலியில் உட்காரவைத்து ஏசியைப் போட்டு ஜூஸ் வாங்கிக் கொடுத்தார். எனக்கு அப்படியொரு பெருமை.

கம்பிக் கயிறு கட்டி எடை தூக்குகிற ரிக்கருக்கு மட்டும் எனக்குப் பேர் தெரியவில்லை. என்னோடு கப்பலில் இருந்த பெரு நாட்டு சமையல்காரருக்கு வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பினேன். எங்க ஊர் யார்டுலயும் ரிக்கர்னுதான் சொல்றாங்க, வேற எதுவும் எழுதி என் மானத்தை வாங்காதே என்று சிரித்தார். அதே மூச்சில் டாங்க் கிளீனரையும் கேட்டு வைத்துக்கொண்டேன். லிம்பியதோர் தே தாங்கேஸ். தொட்டி சுத்தம் செய்கிறவர், அவ்வளவுதான் அர்த்தம்.

ஆகவே தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்ல முடியாது.

ஏஜெண்ட் கையால் எழுதிய தாளில் ஏழாவது பேர் உங்கள் மாமாவுடையது. பதினோராவது பேர் ஒரு வெல்டர். அவர் மகனுக்குத்தான் அப்போது நம் பெரியவளைப் பேசிக்கொண்டிருந்தோம். பெண் பார்க்க வந்தபோது, பலகாரத் தட்டு கொண்டுவந்து வைத்த உங்கள் மாமா உள்ளே போனதும், உங்க மச்சான் எங்க வேலை என்று அவர் கேட்டதற்கு, "மரைன் சர்வீஸ்ல" என்று நான் சொல்லியிருந்தேன். இப்போது இரண்டு பேரும் ஒரே பட்டியலில் இருக்கிறார்கள். பட்டியலை ஆபீஸ் கதவில் ஒட்டுவார்கள். வெல்டர் தன் பேரைத் தேடும்போது ஏழாவது பேரைத் தாண்டித்தான் போக வேண்டும்.

நான் ஏழாவது பேருக்கு எதிரே இங்கிலீஷில் ஜெனரல் ஹெல்பர் என்றும், ஸ்பானிஷில் அயுதாந்தே ஹெனரால் என்றும் டைப் செய்தேன். அவருக்கும் கௌரவமாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அங்கே போய் என்ன வேலை கொடுத்தாலும் செய்துகொள்வார் என்று நினைத்தேன். ஏஜெண்ட் படித்துப் பார்க்காமலே அனுப்பிவிட்டார். உங்கள் மாமாவுக்கு அந்த வேலை எதற்கு என்று எனக்குத் தெரியும். மழைக்கு ஒழுகுகிற கூரையை எடுத்துவிட்டுத் தளம் போட வேண்டும் என்று உங்கள் அத்தை நாலு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்க என் வெள்ளைச் சட்டையைத்தான் கேட்டு வாங்கிப் போனார்.

பதில் பத்தே நாளில் வந்தது. ஹெல்பர்கள் அந்த ஊரிலேயே கிடைக்கிறார்கள், வேண்டாம். இரண்டு டாங்க் கிளீனர் கேட்டிருந்தோமே, ஏன் ஒருவரும் இல்லை? ஏஜெண்ட் போன் செய்து, கிடைத்த ஒரே ஒரு கிளீனரையாவது எழுதிக் கொடுத்தேனே, அது எங்கே போச்சு என்று கேட்டார். டைப்பில் மாறிவிட்டது போலிருக்கிறது என்றேன். அவர் திருத்தி அனுப்புவதற்குள் அந்த இரண்டு இடத்துக்கும் வேறு ஊரிலிருந்து ஆள் எடுத்துவிட்டார்கள். வெல்டர் போனார். மற்றவர்களும் போனார்கள். உங்கள் மாமா என் சட்டையைத் துவைத்து இஸ்திரி போட்டுக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, எனக்கு ராசி இல்ல மாமு என்று சொல்லிப் போனார்.

அந்தச் சட்டையை அதற்கப்புறம் என்னால் போட முடியவில்லை.

மூணு வாரம் இதை யாரிடமும் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எண்ணூர் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்து டீக்கடையில் அவரைப் பிடித்தேன். வேலைக்குப் போக ஹெல்மெட்டோடு நின்றிருந்தார். நடந்ததை முழுதாகச் சொன்னேன். வெல்டர் பார்த்துவிடுவார் என்று பயந்ததையும் சொன்னேன். அவர் டீயைக் குடித்து முடித்தார். பிறகு கிளாஸை வைத்துவிட்டுக் கேட்டார்.

"அந்த ஊரு பாஷைல என் வேலைக்கு இன்னா பேரு?"

சொன்னேன்.

"கெட்ட வார்த்தையா அது?"

"இல்ல மச்சான்."

"அப்பால ஏன் எழுதல?"

அவர் கோபமாகக் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். தணிந்த குரலில், எனக்கு வேலை கற்றுக்கொடுக்கிற மாதிரி பேசினார்.

"மாமு, நான் உள்ள எறங்கச்சொல்ல ஓட்டையாண்ட ஒர்த்தன் நிப்பான். அவன்தான் ஹெல்பர். அஞ்சு நிமிசத்துக்கு ஒரு தபா ஸ்பேனரால தொட்டி மேல தட்டுவான். நான் உள்ளேர்ந்து திருப்பித் தட்டணும். தட்டலன்னா கயித்த இஸ்துடுவான். அவன் வேல வேற, என் வேல வேற. ரெண்டும் ஒண்ணுன்னு எழுதிக்கீறியே. உள்ள எறங்குறவன் யாருன்னே இல்லாம பூடுச்சே."

அவரே கடைக்காரரிடம் கணக்கு எழுதுகிற தடிமனான மார்க்கரை வாங்கி, ஹெல்மெட்டை என் கையில் கொடுத்தார். "இங்கிலீசு எனுக்குப் படிக்க வராது, அந்தப் பேர தமிழ்ல எழுது" என்றார். எழுதினேன். முதல் வார்த்தையைப் பெரிதாக எழுதியதில் கடைசி வார்த்தைக்கு இடம் போதாமல் எழுத்து நெருக்கிக்கொண்டு நிற்கிறது. இப்போதும் அப்படித்தான் இருக்கிறது, போய்ப் பாருங்கள். அவர் அதை இரண்டு தரம் வாய்விட்டுப் படித்துவிட்டு, தலையில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். அந்த மாதிரி வாய்ப்பு அவருக்குத் திரும்ப வரவில்லை. கூரையும் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

வெல்டர் ஆறு மாசம் கழித்துத் திரும்பி வந்து, பெரியவளின் நிச்சயதார்த்தத்தில் உங்கள் மாமாவின் கையைப் பிடித்து, "டாங்க் கிளீனிங்தானே நீங்க, என் பெரியண்ணனும் அதுதான், அங்க உங்களைத் தேடினேன்" என்றார். பெண் பார்க்க வந்த அன்றே அந்த வாசனை அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் ஒருத்தன்தான் மூடி மறைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். நான் கப்பலில் குக்காக இருந்தேன் என்று நீங்கள் பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறீர்கள். நான் திருத்தவில்லை. சமைத்தது அந்தப் பெரு நாட்டுக்காரர். நான் தட்டு கழுவினேன், மேஜை துடைத்தேன், முப்பது பேர் போகிற கக்கூஸைக் காலையும் மாலையும் கழுவினேன். கப்பல் பட்டியலில் என் பேருக்கு எதிரே மோசோ என்று இருந்தது. எடுபிடி என்று அர்த்தம். அதுவும் கெட்ட வார்த்தை இல்லை.

மாமா அடுத்த தடவை வரும்போது நாற்காலியில் பேப்பர் வேண்டாம். அவராக எடுத்தாலும் வாங்கி வைத்துவிடுங்கள்.