சிவப்புக் கோடு போட்டவன்

எங்கள் ரேஸ் டீமுக்கு இப்போது இணையத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. அதில் தொடக்க காலம் பற்றி ஒரு பகுதி. இங்கிலாந்திலிருந்து அண்ணனும் தம்பியும் வந்தார்கள், எந்தக் கார் கம்பெனியின் தயவும் இல்லாமல் வளைகுடாவில் அல் கூஸ் என்ற பட்டறைப் பகுதியில் ஒரு கொட்டகையில் ஆரம்பித்தார்கள் என்று அழகாக எழுதியிருக்கிறார்கள். பொய் இல்லை. ஆனால் அந்தக் கொட்டகையில் பாயும் இருந்தார். அவரைப் பற்றி ஒரு வரி கிடையாது. அதற்குக் காரணம் நான்.

முதல் வருடம் மெக்கானிக்குகள் நாங்கள் இரண்டே பேர். பாய் கீழக்கரைக்காரர், நான் சிவகங்கைப் பக்கம். ஜெபல் அலி துறைமுகத்தில் கண்டெய்னரிலிருந்து இறக்கிய ஒரே ஒரு பழைய ரேஸ் கார். பக்கத்தில் மார்பிள் அறுக்கும் பட்டறை. அந்த வெள்ளைத் தூசியைத் துடைத்துத் துடைத்தே பாதி நாள் போய்விடும். அண்ணன்தான் முதலாளி. எங்களுக்குள் அவரைத் துரை என்போம். தம்பி கார் ஓட்டுவான்.

துரை கத்துகிற ஆள் இல்லை. ஆனால் ஒரு சட்டம் வைத்திருந்தார். போல்ட்டை முறுக்கியவர் அதன் மேல் தன் நிறப் பெயிண்டில் ஒரு கோடு இழுக்க வேண்டும். பாய்க்குச் சிவப்பு, எனக்குப் பச்சை. கோடு விழுந்த போல்ட்டைப் பிறகு யாரும் தொடக்கூடாது.

அன்று வெள்ளிக்கிழமை, மைதானத்தில் பயிற்சி ஓட்டம். முன் பிரேக்கைப் புதிதாக மாட்டி, நான்கு போல்ட்டையும் பாய் விரலால் மட்டும் ஏற்றி வைத்திருந்தார். ஜும்ஆ தொழுகை நேரம் வந்துவிட்டது. பயிற்சி முடியும்வரை ஒருவரும் நகரக்கூடாது என்று துரை காலையிலேயே சொல்லியிருந்தார்.

“போயிட்டு வாங்க பாய். நான் பாத்துக்கறேன்.”

“நாலையும் முறுக்கணும் மாப்ள. மறந்துறாத.”

“அதெல்லாம் எனக்குத் தெரியாதா?”

அவர் அந்தப் பக்கம் போனதும் துரை இந்தப் பக்கம் வந்தார். சிவப்பைக் காணவில்லை என்றால் பாய் எங்கே என்று கேட்பார். அதனால் முதலில் நான்கு போல்ட்டிலும் சிவப்புக் கோட்டை இழுத்துவிட்டேன், முறுக்குவது அப்புறம் ஆகட்டும் என்று. துரை குனிந்து பார்த்தார், தலையாட்டினார், பின் டயரை மாற்றச் சொன்னார். போனேன். போனவன் போனவன்தான், முன் பிரேக் நினைப்பே வரவில்லை. தொழுதுவிட்டு வந்த பாய் கோட்டைப் பார்த்தார். சட்டப்படி போல்ட்டைத் தொடவில்லை. சக்கரத்தை மாட்டினார்.

இரண்டாவது சுற்றில் கார் வளைவில் வேகம் குறையாமல் நேரே போய்ச் சுவரில் மோதியது. தகரத்தை அறுத்துத்தான் தம்பியை எடுத்தார்கள். உயிர் பிழைத்தான். வலது கால் முழங்காலோடு போயிற்று.

உடைந்த காரில் பிரேக் ஒரு பக்கம் தொங்கியது. மிச்சமிருந்த போல்ட்டில் சிவப்பு. பாய் என்னை லாரிக்குப் பின்னால் கூட்டிப்போனார்.

“மாப்ள, நீ முறுக்குனதானே?”

“முறுக்குனேன் பாய்.”

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். “அப்ப போல்ட்டுதான் மோசம். நீ வாயத் தொறக்காத. கோடு என் கோடு. ரெண்டு பேரும் ஊருக்குப் போயி என்ன பண்றது?”

நான் வாயைத் திறக்கவில்லை. அந்த விஷயத்தில் மட்டும் சொன்னபடி நடந்துகொண்டேன். பாய் துரையிடம் போய், “முறுக்கியது நான், கோடு போட்டதும் நான்” என்றார். ஒரே வாரத்தில் விசா கேன்சல். ஏர்போர்ட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அந்தத் தம்பிய ஆஸ்பத்திரில போய்ப் பாத்துக்க. அல்லாகிட்ட நான் துஆ கேக்குறேன்னு சொல்லு” என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் கோழை. வேறு விளக்கம் என்னிடம் இல்லை.

இப்போது ஒவ்வொரு போல்ட்டிலும் இரண்டு பேர் கோடு போட வேண்டும். ஏன் என்று புது ஆட்களுக்குச் சொல்வது, பழைய ஆள் என்ற முறையில், என் வேலை. முதல் வருடம் ஒரு மெக்கானிக் முறுக்காமலேயே கோடு போட்டுவிட்டான், அதில் ஒருத்தர் கால் போனது என்று ஆரம்பிப்பேன். இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

போன மாதம் திருநெல்வேலியிலிருந்து ஒருவர் சேர்ந்தார். கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, “சண்டாளன். அவன் இப்ப எங்கண்ணே இருக்கான்?” என்றார்.

“ஊருக்கு அனுப்பிட்டாங்க” என்றேன்.