மே மாதத்து அணையில் ஒரு பனிமலை

போன ஞாயிற்றுக்கிழமை வெம்பக்கோட்டை அணையின் நடுவில் நின்றேன். நீச்சல் தெரியாத நான் எப்படி நின்றேன் என்று கேட்கிறீர்களா? செருப்புப் போட்டுக்கொண்டுதான். தண்ணீர் இல்லை. பக்கத்தில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. எதிரே, கையில் ஒரு காலண்டரோடு கடையநல்லூர்க்காரர் ஒருவர் நின்றார். அவர் முகத்தைப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை.

எல்லாம் மைதீன் பாயால் வந்தது. எங்கள் ஊரில் இரும்புக்கடை வைத்திருப்பவர், என் நாற்பது வருட சிநேகிதர். போன வருடம் மகளுக்குக் கடையநல்லூரில் நிச்சயம் செய்தார். பேச்சுவாக்கில் சம்பந்தி கேட்டார்: "எங்க பக்கம் குத்தாலம் இருக்கு. வருசம் பூரா குளிக்கலாம். ஒங்க ஊர்ல பார்க்க என்ன இருக்கு?"

வெயில் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். பாய் சொல்லவில்லை. "மாசத்துக்கு ஒண்ணுன்னு பன்னெண்டு இடம் இருக்கு. காலண்டரே போடப் போறோம்" என்று சொல்லிவிட்டார்.

சொன்ன பிறகு என்னிடம் வந்தார். "அண்ணாச்சி, பொண்ணு வாழப் போற வீடு. அங்கன நம்ம ஊரு எறங்கிப் போயிரக் கூடாது. சரித்திரம் நீங்க எழுதுங்க."

சிவகாசி பக்கத்தில் இருக்கும்போது காலண்டருக்கா பஞ்சம்? பஞ்சம் இடத்துக்குத்தான். ஒரு போட்டோகிராபரோடு கிளம்பினோம். ஜனவரிக்கு இருக்கன்குடி கோபுரம். பிப்ரவரிக்கு ஆலங்குளம் சிமெண்ட் ஆலையின் புகைக்கூண்டு. பட்டாசு கம்பெனிக்குள் கேமராவோடு விடமாட்டார்கள். ஆகவே மார்ச்சுக்கு, 'தீப்பெட்டி கொண்டு வராதே' என்ற போர்டு. ஆகஸ்டுக்கு எங்கள் பஸ் ஸ்டாண்ட். செப்டம்பருக்கு அதே பஸ் ஸ்டாண்ட், பின்பக்கத்திலிருந்து. அக்டோபருக்குப் பாயின் கடை. நவம்பருக்குப் பாயின் கடையில் மழை.

நடுவில் அசல் சரித்திரமும் ஒன்று அகப்பட்டது. வெம்பக்கோட்டைப் பக்கம் மண்ணைத் தோண்டி சங்கு வளையல், பாசிமணி எல்லாம் எடுத்திருக்கிறார்கள் அல்லவா? பாய் அந்தக் குழியின் போட்டோவை உற்றுப் பார்த்தார். "குழியப் போட்டு அனுப்பினா சம்பந்தி என்ன நெனப்பாரு, அண்ணாச்சி?" என்றார். அந்தப் படத்தை நீக்கிவிட்டோம்.

அதற்குப் பதிலாக நான் சரித்திரம் தயாரித்தேன். பஸ் ஸ்டாண்ட் வேப்பமரத்தடியில் ஒரு ராஜா தங்கிப் போனதாக எழுதினேன். எந்த ராஜா? இதுவரை யாரும் கேட்கவில்லை.

மே மாதத்துக்கு அணை. ப்ரூஃப் வந்தபோது நான் எழுத்துப்பிழை மட்டும்தான் பார்த்தேன். படத்தைப் பார்ப்பது என் வேலையா? அது அச்சகத்து டிசைனர் வேலை. அவர் நன்றாகவே பார்த்திருக்கிறார். காய்ந்த அணையில் நீலத் தண்ணீர் ஊற்றி, நாலு அன்னப்பறவை மிதக்கவிட்டு, பின்னால் ஒரு பனிமலையையும் தூக்கி வைத்துவிட்டார். அதன் கீழே என் வாசகம்: 'ஆண்டெல்லாம் நீர் ததும்பும் எழில்மிகு அணை.'

காலண்டர் வந்ததும் பிரித்துப் பார்க்காமலே, சுருளோடு கடையநல்லூருக்கு அனுப்பினார் பாய். அது சம்பந்தி வீட்டு ஹாலில் தொங்கியது. நாலு மாதம் நிம்மதி. மே பிறந்தது. தாளைக் கிழித்தார்கள்.

"ஞாயித்துக்கிழம குடும்பத்தோட வாரோம். அணையில குளிக்கணும்" என்று போன் வந்தது.

பாய் இன்னும் ஏப்ரல் தாள் கிழிக்காத தன் கடைக் காலண்டரைக் கழற்றிக்கொண்டு என் வீட்டுக்கு ஓடி வந்தார். அப்போதுதான் இருவரும் மே மாதத்தை முதன்முறையாகப் பார்த்தோம். டிசைனருக்குப் போன் போட்டேன். "சார், தண்ணி இல்லாம சீனரி போட்டா பார்ட்டி திட்டுவாக" என்றார், பணிவாக.

பாய் ஒரு திட்டம் போட்டார். வந்ததும் விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டா. அம்புட்டையும் சாப்பிட்டால் மனிதன் தூங்காமல் என்ன செய்வான்? தூங்கினால் சாயங்காலம் வேன் ஏற்றிவிடலாம். சம்பந்தி எட்டு சாப்பிட்டார். கை கழுவினார். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, "அணைக்குப் போவமா?" என்றார். தூங்கியது நான்தான்... எழுப்பிக் கூட்டிப் போனார்கள்.

அப்படித்தான் அங்கே நின்றோம். பெண்கள் வேனிலேயே இருந்தார்கள். சம்பந்தி அணையைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார். மறுபடி அணையைப் பார்த்தார்.

"தண்ணி வத்தும். ஒத்துக்கிடுதேன்" என்றார் நிதானமாக. "பனிமலையும் வத்துமா?"

பாய்க்குக் கண் கலங்கிவிட்டது. "தப்பு என் மேலதான் சம்பந்தி. ஒங்க முன்னால எங்க ஊரு சின்னதாத் தெரிஞ்சிரக் கூடாதுன்னு செஞ்சிட்டேன். எம் பிள்ளைய ஒண்ணும் சொல்லிராதீக."

வாசகம் என்னுடையது என்று நானும் ஒப்புக்கொண்டேன்.

சம்பந்தி ஒரு பாறையில் உட்கார்ந்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். "பிள்ளைய ஏன் சொல்லப் போறேன்? எங்க அருவியில இப்பம் என்ன தெரியுதாம்? வெறும் பாற. ஒரு வாளித் தண்ணி விழல. வெக்க தாங்காம, ஒங்க மே மாசத்த நம்பித்தான் வந்தோம்."

"நிச்சயத்தன்னிக்கு வருசம் பூரா குளிக்கலாம்னு சொன்னீகளே?" என்றார் பாய்.

"நிச்சயத்துல வேற என்னத்தச் சொல்ல? ஒங்க முன்னால எங்க ஊரு சின்னதாத் தெரியலாமா?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சிரித்தார்கள் பாருங்கள்... மேய்ந்த ஆடுகள் நிமிர்ந்து பார்த்தன. துண்டு ஒன்றுக்குத்தான் ஏமாற்றம்.

திரும்பும் வழியில் சம்பந்தி அச்சகத்தில் வேனை நிறுத்தச் சொன்னார். அடுத்த வருடத்துக்கு ஆர்டர். பன்னிரண்டு மாதமும் குற்றாலம், மே மாதத்திலும் தண்ணீர் கொட்ட வேண்டும், அன்னப்பறவை வேண்டாம்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "சரித்திரம் நீங்கதான் எழுதணும் அண்ணாச்சி. யாராவது ஒரு ராஜாவக் குளிக்க வைங்க."

எந்த ராஜாவை? எங்கள் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் சும்மாதான் இருக்கிறார், அனுப்பிவிடலாம்.