மணப்பெண் அலங்காரமும் எங்கள் கோழிக் கூண்டும்

இரண்டு வருடங்களுக்கு முன்னால், ஒரு வைகாசி மாதம் நாமக்கல்லில் நடந்தது இது. கோழிப் பண்ணைகளுக்குக் கம்பிக் கூண்டு செய்து கொடுக்கும் பட்டறை எங்களுடையது. வெல்டிங் வேலையைக் கணவர் பார்ப்பார். போனும் வெப்சைட்டும் என் பொறுப்பு. சுற்றுவட்டாரப் பண்ணைகள் எல்லாம் கூண்டு போட்டு முடித்துவிட்டதால், வெளியூர் ஆர்டர் வந்தால்தான் வேலை என்ற நிலைமை. "ஆடி பொறக்கறதுக்குள்ள ஆர்டர் வரலீன்னா நாலு பேர நிறுத்தித்தான் ஆகோணும்" என்று கணவர் சொல்லிவிட்டார். இருப்பதே எட்டுப் பேர். பல வருடம் கூடவே இருந்தவர்களிடம் நாளையிலிருந்து வராதீர்கள் என்று எந்த வாயால் சொல்வது?

நெட்டில் கோழிக் கூண்டு என்று தேடினால் சங்ககிரிக்காரர் ஒருவரின் பட்டறைதான் முதலில் வரும். நாங்கள் ஐந்தாம் பக்கம். அவ்வளவு தூரம் தேடி வருகிறவர் பொழுது போகாதவராகத்தான் இருப்பார். அந்தச் சங்ககிரிக்காரரை நான் பார்த்ததே இல்லை. பார்க்காமலே பிடிக்காமல் போய்விட்டது.

அப்போதுதான் சேலத்தில் ஒரு விளம்பர ஆபீஸ் கிடைத்தது. வேறு வெப்சைட்டுகளில் காசு கொடுத்துக் கட்டுரை போட்டு, நடுவில் எங்கள் பட்டறைக்கு லிங்க் வைப்பார்களாம். இத்தனை பேர் சிபாரிசு செய்கிறார்களே என்று தேடுபொறி நம்பி எங்களை மேலே ஏற்றுமாம். கணவர் தலையைச் சொறிந்தார். நான்தான் அடம்பிடித்துப் பணம் கட்டினேன்.

பத்து நாளில் நாற்பது கட்டுரைகளின் பட்டியல் வந்தது. ஒன்று ராசிபலன், ஒன்று முடி உதிர்வு, ஒன்று குழந்தைக்குப் பெயர் வைப்பது. எனக்கு மிகவும் பிடித்தது மணப்பெண் அலங்காரம். மணமகளின் முகம் பொலிவாக இருக்கத் தினமும் முட்டை அவசியமாம். நல்ல முட்டைக்குத் தரமான கூண்டு அவசியமாம். தரமான கூண்டுக்கு நாங்களாம். படித்துவிட்டு நான் சிரித்திருக்க வேண்டும். உருகிப்போய்ச் சொந்தக்காரர்கள் குரூப்பில் அனுப்பினேன்.

எங்கள் பக்கம் யாராவது போசியில் பலகாரம் கொண்டுவந்து கொடுத்தால், போசியை வெறுமனே திருப்பிக் கொடுக்க மாட்டோம். ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்போம். நாற்பது பேர் நமக்குச் செய்திருக்கும்போது சும்மா இருப்பதா? 'எங்களைப் பற்றி எழுதிய நல்ல உள்ளங்களுக்கு நன்றி' என்று எங்கள் வெப்சைட்டில் தனிப்பக்கம் திறந்து, நாற்பது பேருக்கும் திருப்பி லிங்க் கொடுத்தேன். எட்டிப் பார்த்த கணவர், "காசு குடுத்துத்தான போட்டது? சும்மா போட்டாங்கன்னு எழுதுனா பொய்யல்ல?" என்றார். நியாயம்தானே. 'தக்க கட்டணம் செலுத்தி வெளியிடப்பட்டது' என்று தடித்த எழுத்தில் சேர்த்தேன்.

போன் வர ஆரம்பித்தது. முதல் போனை எடுத்தவர் கணவர். எதிர்முனையில் ஒரு பெண்மணி, முகூர்த்தத்துக்கு விடியற்காலை வீட்டுக்கே வந்து அலங்காரம் செய்வீர்களா என்று கேட்டிருக்கிறார். "வருவமுங்க, ஆனா நாங்க வெல்டிங் மட்டுந்தான் பண்றமுங்க" என்று இவர் பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது வாரம் எங்கள் வெப்சைட்டையே காணோம். பட்டறையின் பெயரை முழுசாக அடித்தால்கூட அதே பெயரில் ஒரு கல்யாண மண்டபம்தான் வந்தது. சேலத்துக்குப் போன் செய்தால், இன்னும் இருபது லிங்க் போட்டால் சரியாகிவிடும் என்றார்கள். ஆனி பாதி ஓடிவிட்டது. பட்டறையில் ஆட்கள் துடைத்த மெஷினையே துடைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்கக் கூசி நான் பின்வாசல் வழியாகப் போய் வந்தேன்.

அந்த வாரம் ஒரு போன். "ஏனுங்கக்கா, நன்றிப் பக்கம் போட்டிருக்கறது நீங்கதானுங்களா? அத மொதல்ல எடுத்துப்போடுங்க."

"நீங்க யாருங்க?"

"சங்ககிரிங்க. நானும் கூண்டுதான் பண்றேன்."

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன். அவரே பேசினார். "காசு குடுத்துச் சிபாரிசு வாங்குனது தெரிஞ்சா கீழ தள்ளிப்போடுவாங்களாமுங்க. நீங்க அதையே கொட்டை எழுத்துல எழுதி ஒட்டி வெச்சிருக்கறீங்க."

"உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"போன வருசம் எனக்கும் அதே ஆபீஸ்தானுங்க. அந்த மணப்பொண்ணு கட்டுரையில இப்ப உங்க பேரு இருக்கற எடத்துல அப்ப எம் பேரு இருந்துச்சு. மூணு மாசம் நானும் காணாமப் போயிருந்தனுங்க."

மறுநாள் மத்தியானம் நேரிலேயே வந்துவிட்டார். நான் கற்பனையில் வளர்த்து வைத்திருந்த வில்லன், சட்டைப் பையில் மூக்குக்கண்ணாடி வைத்த, சாதுவான மனிதர். நாற்பது இடத்துக்கும் லிங்க்கை நீக்கச் சொல்லி எழுத வைத்தார். நீக்காதவற்றை எங்கள் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று தேடுபொறிக்கு எப்படிச் சொல்வது என்றும் காட்டிக் கொடுத்தார். கிளம்பும்போது பட்டறையை ஒரு பார்வை பார்த்தார். சும்மா நிற்கும் மெஷின், சும்மா நிற்கும் ஆட்கள்.

"ஆத்தூர்ப் பக்கம் ஒரு பண்ணைக்கு ரெண்டு ஷெட்டுக்குக் கூண்டு ஒத்துக்கிட்டனுங்க. தனியா முடியாது. ஒண்ண நீங்க பண்ணிப்போடுங்க" என்றார்.

கணவருக்கு நம்ப முடியவில்லை. "எங்களுக்கு எதுக்குங்க குடுக்கறீங்க?"

"ஒரே மேக்கப்புல ரெண்டு பேரும் மாட்டிக்கிட்டமே, அதுக்குத்தானுங்க."

சிரித்துக்கொண்டே நான் அழுதுவிட்டேன். ஆடி பிறந்தது, எட்டுப் பேரில் ஒருவரைக்கூட நிறுத்தவில்லை.

வெப்சைட் மெதுவாகத் திரும்பி வந்து, இப்போது மூன்றாம் பக்கத்தில் இருக்கிறோம். முதலிடத்தில் இன்னமும் சங்ககிரிக்காரர்தான். கை நிறைய வேலை இருக்கும்போது தன்னிடம் வருகிறவர்களுக்கு எங்கள் நம்பரைக் கொடுத்துவிடுகிறார். காசு கொடுத்து வாங்கிய நாற்பது சிபாரிசில் ஒரு கூண்டுகூட விற்காத எனக்கு, நான் கேட்காமலே அந்த மனிதர் செய்யும் சிபாரிசை நினைக்கும்போதெல்லாம், முகம் தெரியாத ஒருவரை வெறுத்ததற்காக இன்றும் வெட்கமாக இருக்கிறது.