மகளின் நீச்சல் அணியும் டிவி பணமும்

இன்று காலை சிங்கப்பூரில் தேக்கா சந்தைக்குப் போகும் பேருந்தில் இருந்தபோது அமெரிக்காவில் படிக்கும் மகள் அழைத்தாள். நீச்சலால்தான் அவளுக்கு அந்தக் கல்லூரியில் ஸ்காலர்ஷிப் கிடைத்தது.

“அப்பா, எங்க காலேஜ் வேற லீக்குக்கு மாறுது. ஃபுட்பாலுக்கு டிவிக்காரங்க நிறைய காசு தர்றாங்களாம்.”

“நல்லதுதானே லா?”

“புது லீக்ல இருக்கற காலேஜெல்லாம் ரொம்ப தூரம். இனிமே எங்க நீச்சல் போட்டியும் அங்கதான். ஃப்ளைட் செலவு ஜாஸ்தின்னு எங்க டீமையே எடுத்துடலாம்னு பேசறாங்க. கோச் அழுதுட்டாங்க.”

“உன் ஸ்காலர்ஷிப்?”

“தெரியலப்பா. வெள்ளிக்கிழமை மீட்டிங்ல சொல்லுவாங்களாம்.”

இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டு, சிராங்கூன் சாலையில் திரும்பி நடந்தேன்.

உண்மையைச் சொல்லுங்கள் நண்பர்களே, உங்களில் யாராவது நீச்சல் போட்டியை டிவியில் பார்ப்பதுண்டா? மகள் நீந்தாவிட்டால் நானும் பார்த்திருக்க மாட்டேன்.