புறாவுக்குப் போன மாத்திரை

தம்பிக்கு எச்.ஐ.வி.ன்னு தெரிஞ்சப்பகூட நான் இவ்ளோ ஆடிப்போகல. புறாவுக்கு வச்ச தண்ணியப் பார்த்தேன் பாருங்க, அன்னிக்குத்தான் மாடியிலயே உக்காந்துட்டேன்.

பருத்திப்பட்டு ஊட்ல நானும் அவனும்தான். ஆட்டோ ஓட்டுற நேரம் போக மாடியில வளர்க்குற பந்தயப் புறாதான் அவனுக்கு உலகம். எதிர்ப்பு சக்தி ரொம்ப இறங்கிடுச்சு, அது ஏறுற வரைக்கும் எச்.ஐ.வி. மாத்திரையோட இந்தப் பெரிய வெள்ளை மாத்திரையும் தெனம் போடணும், வேற கிருமி உள்ள வராம காக்குறது இதுதான்னு டாக்டரம்மா படிச்சுப் படிச்சு சொல்லியிருந்தாங்க. எச்.ஐ.வி. மாத்திரையை என் எதிர்லயே முழுங்குவான். வெள்ளை மாத்திரையைக் காலையில டீயோட குடுத்தா, "தீனி போட்டுட்டு முழுங்குறேங்க்கா"ன்னு மாடிக்குப் போயிடுவான்.

திடீர்னு காய்ச்சல். கட்டிலே ஆடுற மாதிரி குளிரு. ஆஸ்பத்திரியில ரத்தத்தை டெஸ்ட் பண்ணிட்டு, ரத்தத்துலயே கிருமி ஓடுது, கோழி, புறா எச்சத்துலயும் இருக்குற கிருமின்னாங்க. நரம்புல மருந்து ஏத்துனாங்க.

"வெள்ளை மாத்திரை தெனம் போட்டாரா?"ன்னு டாக்டரம்மா கேட்டாங்க.

"ஐயோ, சத்தியமா! என் கையாலதானே குடுத்தேன்!"

லுங்கி எடுக்க ஊட்டுக்கு வந்தவ, பாவம், வாயில்லாத ஜீவன் பட்டினி கெடக்குமேன்னு மாடி ஏறுனேன். தண்ணிச் சட்டி அடியில வெள்ளையா மாவு. பக்கத்துல ஒரு கல்லு, அது மேல பாதி இடிச்ச மாத்திரை. என் தம்பியோட மாத்திரை!

ஆஸ்பத்திரிக்கு ஓடுனேன். "அடப்பாவி! இன்னாடா பண்ணி வச்சிருக்கே?"

"அதுங்களுக்கு வவுறு போய்க்கினே இருந்துச்சுக்கா. நான் நல்லாத்தானே கீறேன்னு..."

ட்ரிப்ஸ் ஏறுற கையோட சொல்றான்.

மாத்திரையை விட்டாலும், புறா எச்சத்துல கை வச்சாலும் இது மறுபடி வரும், அப்போ உசுரு தங்குறது கஷ்டம்னு டாக்டரம்மா அவன் மூஞ்சிக்கு நேரா சொன்னாங்க. வெள்ளானூர்ல இருக்குற அவன் கூட்டாளி புறாவையெல்லாம் எடுத்துக்கினு போக ஒத்துக்கிட்டான். "புது எடம் பழகுற வரைக்கும், திரும்பிப் பறந்து வந்துடாம றெக்கையைக் கட்டி வைக்கவா?"ன்னு அவன் கேட்டதுதான் தாமதம், இவன் படுக்கையிலேர்ந்து கத்துனான்: "கை வச்சே, கொன்னுடுவேன்! அதுங்களுக்கு அதாண்டா உசுரு."

டிஸ்சார்ஜ் ஆகி ஆட்டோ எங்க தெருவுல திரும்புது. மாடிச் சுவர் பூரா, வெள்ளானூருக்குப் போன புறா. எங்களுக்கு முன்னாடியே வந்து உக்காந்துக்கினு கீது! இவன் மாடிக்கு ஓடப் போறான்னு சட்டையைப் புடிச்சுக்கினேன்.

அவன் அண்ணாந்து பார்த்தான். துண்டை எடுத்து மூக்கை மூடிக்கினான்.

"அவனுக்கு போன் போடுக்கா. வந்து புடிச்சிக்கினு போவட்டும். றெக்கையைக் கட்டிடச் சொல்லு."

சொல்லிட்டு, மாத்திரைக்குக் கையை நீட்டுனான்.