நூல் உருவ முடியாத துணி

1. பிளேடு

நான் வரைந்த கட்டத்தின் மேல் ஒரு பெண்மணி பிளேடு வைத்ததை நேரில் பார்த்தவன் நான். ஆப்பிரிக்காவில், கழிமுகத்து ஊர் ஒன்றில், ஒரு வீட்டுக் கூடத்தில் அது நடந்தது. எழுபதுகளின் நடுப்பகுதி. இந்தத் தொழிலுக்கு வரும் இளைஞர்கள் அனுபவம் கேட்கும்போதெல்லாம் நான் சொல்லாமல் விட்டது இதைத்தான்.

திருத்தணி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் எங்கள் முதலாளியின் கிடங்கு இருந்தது. பொதட்டூர்பேட்டைத் தறிகளில் நெய்த கட்டம் போட்ட துணி அங்கே வந்து, பேல் பேலாக மூட்டை கட்டி, நைஜீரியாவுக்குக் கப்பலேறும். நான் பி.ஏ. முடித்து, டெக்ஸ்டைல் டிப்ளமாவும் படித்தவன், டிசைனர். நீளவாக்கில் ஓடும் பாவில் எத்தனை நூல் சிவப்பு, குறுக்கே ஓடும் ஊடையில் எத்தனை வெள்ளை என்று கிராஃப் தாளில் முடிவு செய்வது என் வேலை. அதைத் தறிகளுக்குப் பிரித்துக் கொடுத்து நெய்து வாங்குகிற மேஸ்திரி முனிரத்தினம். வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ். இரண்டிலும் வாய் அடங்காது.

நைஜீரியாவில் எங்கள் துணியை இறக்குமதி செய்கிறவர் ஒரு வருடம், சரக்கு அனுப்புகிற எல்லோரையும் விருந்தாளிகளாக அழைத்தார். கைடு ஒருவர் கூட்டிப் போவார், பழங்குடி மக்களின் ஊர்களையும் வழக்கங்களையும் பார்க்கலாம் என்று ஏற்பாடு. முதலாளிக்குச் சர்க்கரை வியாதி, கண் பார்வையும் மங்கிவிட்டது. அதனால் என்னை அனுப்பினார்.

"கூட முனிரத்னமும் போவட்டும்யா. துணியப் பத்தி எதுனா கேட்டாங்கன்னா தறி தெரிஞ்சவன் ஒருத்தன் வேணும்" என்றார்.

தறி தெரிந்தவன் அவன் என்றால் நான் யார்? கிளம்பும் முன்பே எனக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது.

போர்ட் ஹார்கோர்ட்டிலிருந்து மோட்டார் படகில் சதுப்புக் காடுகளுக்கு நடுவே போனோம். கலபாரி மக்களின் ஊர். கைடு டோன்யேவும் அந்த இனத்து இளைஞர்தான். குடிசையையும் நடனத்தையும் எதிர்பார்த்து நான் காமிராவில் ஃபிலிம் போட்டு வைத்திருந்தேன். படகு நின்ற இடத்தில் மாடி வீடுகள் இருந்தன. ஒரு வீட்டில் பெரியவர் இறந்திருந்தார். உள்ளறையில் அவர்கள் சாவுச் சடங்குப்படி பித்தளைக் கட்டிலை, மடித்து அடுக்கிய துணிகளால் அலங்கரித்திருந்தார்கள். ஒவ்வொன்றும் எங்கள் கட்டத் துணி. ஆனால் எல்லாவற்றிலும் சல்லடை போல ஓட்டைகள்.

"பூச்சி அரிச்சிட்டு கீது சார்!" என்று முனிரத்தினம் என் காதைக் கடித்தான்.

பூச்சி இல்லை. கூடத்தில் இபிசோ என்கிற வயதான அம்மாள் எங்கள் துணியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஊசியால் ஒரு நூலைத் தூக்கினார், பிளேடால் இரண்டு இடத்தில் அறுத்தார், அறுத்த துண்டை உருவிப் போட்டார். வெளிர் நூல்கள் போகப் போக, மிஞ்சிய அடர் நூல்களில் வேறொரு கோலம் எழும்பியது. முனிரத்தினத்தின் கை சும்மா இருக்குமா? அறுந்த நூலைக் கண்டால் முடிந்து பழகிய கை. குனிந்து இரண்டு முனைகளையும் பிடித்து முடிச்சுப் போட்டுவிட்டான். அந்த அம்மாள் அவன் புறங்கையில் ஓர் அடி வைத்துவிட்டுச் சிரித்தார். கூடமே சிரித்தது.

"கடையிலிருந்து வரும்போது இது யாருடைய துணியும் இல்லை" என்றார் டோன்யே. "இவர் வெட்டிய பிறகுதான் கலபாரித் துணி."

"இந்த டிசைனைப் போட்டது நான் என்று சொல்லுங்கள்" என்றேன்.

அவர் சொன்னார். அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்து ஏதோ பதில் சொல்ல, மறுபடி சிரிப்பு.

"என்ன சொல்கிறார்?"

"நல்லது, வெட்டுவதற்கு நிறைய விட்டுவைத்திருக்கிறீர்கள் என்கிறார்."

அம்மாள் பிளேடை முதலில் என்னிடம்தான் நீட்டினார். பழக்கமில்லை என்று தலையை ஆட்டினேன். முனிரத்தினம் வாங்கிக்கொண்டான். "தலைக்கு மொட்ட போட நம்ப மலை, துணிக்கு மொட்ட போட இந்த ஊரு சார்!" என்றான். டோன்யே கேட்டதால் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டிய தலைவிதி எனக்கு. அம்மாளுக்கு அந்தப் பேச்சு மிகவும் பிடித்துப்போயிற்று. அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு வரிசை உருவக் கற்றுக்கொடுத்தார். புறப்படும்போது, தான் வெட்டி முடித்த துணி ஒன்றை அவன் தோளில் போர்த்தி, மகனே என்று கூப்பிட்டார். எனக்கு ஒரு கலர் சோடா கொடுத்தார்கள்.

2. நல்ல யோசனை

திரும்பி வந்த பிறகு என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கிடங்கில் முதலாளியே, "யோவ் முனிரத்னம், அந்தம்மா கைமேல அடிச்சத இன்னொரு தபா சொல்லு" என்பார். பொதட்டூர்பேட்டையில் தறியை நிறுத்திவிட்டு அவனைச் சூழ்ந்துகொண்டு கேட்டார்கள். நான் போட்டதை அந்த அம்மாள் எடுத்தார், எடுத்தவருக்கு மரியாதை. அவரோடு உட்கார்ந்தவனுக்கும் மரியாதை. போட்டவன் பெயர் எங்கேயும் இல்லை. இது ஒன்றே இரவும் பகலும் என்னை அரித்தது.

இஞ்சுக்கு இத்தனை ஊடை என்று கணக்கு உண்டு, பிக்ஸ் என்போம். அதைக் கூட்டினால் துணி கெட்டிப்படும், நூல் நூலைக் கவ்விக்கொள்ளும். உருவினால் அறுந்துபோகும். தரத்தை உயர்த்தலாம் என்று சொல்லி, பிக்ஸைக் கூட்டி எழுதி முதலாளியிடம் நீட்டினேன்.

"கெட்டியா இருந்தா நல்லதுதானேய்யா" என்று சம்மதித்தார்.

மறுநாளே முனிரத்தினம் வந்து நின்றான். "சார், இவ்ளோ நெருக்கி அட்சா அந்தம்மா எப்டி நூல் எடுக்கும்?"

"அந்த அம்மாவுக்காகவா நாம நெய்யறோம்?"

"பின்ன யாருக்கு சார்?"

சொன்னதைச் செய் என்றேன். செய்தான்.

3. பிக் கிளாஸ்

அடுத்த பருவத்தில் அந்த இறக்குமதியாளரே திருத்தணிக்கு வந்தார். முதலாளி மாலை போட்டு வரவேற்றார். அவர் மாலையைக் கழற்றி வைத்துவிட்டு, கிடங்கு மேசையில் துணியைப் பிரித்துப் போட்டார். "அருமையான துணி. எங்கள் பெண்கள் ஒருவரும் தொட மாட்டேன் என்கிறார்கள். நூல் வரவில்லையாம்."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "நீ கொஞ்சமாத்தானே ஏத்தன? எப்டிய்யா இவ்ளோ கெட்டியாச்சி?"

"நான் எழுதிக் குடுத்ததுக்கு மேல தறியில இறுக்கி அடிச்சிருக்காங்க" என்றேன்.

"நைனா மேல ஆணை, இல்லீங்க மொதலாளி!" என்றான் முனிரத்தினம். "கிளாஸ் வச்சி எண்ணச் சொல்லுங்க."

பிக் கிளாஸ் என்பது துணிமேல் வைத்து நூலை எண்ணுகிற சின்னப் பூதக்கண்ணாடி. அது என் சட்டைப் பையில்தான் இருந்தது. எடுத்து வைத்து எண்ணினேன். நான் எழுதிக் கொடுத்த கணக்கு அப்படியே இருந்தது. ஒரு நூல் கூடவில்லை, குறையவில்லை.

"கூடுதலாத்தான் இருக்கு" என்றேன்.

"குடுங்க, நான் பாக்கறேன்."

"நீ எண்ணி நீயே தீர்ப்பு சொல்வியா?" என்று முதலாளி அவனை அடக்கினார். அவருக்கு எண்ணிப் பார்க்கக் கண் இல்லை. வந்தவரோ எண்ணிக்கை எதுவானாலும் துணி வேண்டாம் என்று எழுந்துவிட்டார். முனிரத்தினம் துணியின் ஓரத்தைப் பிடித்து நூல் ஒன்றை இழுத்தான், அது விரலிடைத் தூரத்தில் அறுந்தது. மேசையில் போட்டுவிட்டுப் போய்விட்டான்.

அந்த ஆர்டர் ஆந்திர எல்லை தாண்டி நகரிக்குப் போனது. முனிரத்தினத்தையும் அங்கே ஒருவர் கூப்பிட்டுக்கொண்டார். பொதட்டூர்பேட்டையில் எங்களுக்கு ஓடிய தறிகள் பல மாதம் நின்றன. இறுக்கி அடித்தவர்கள் என்று தறிக்காரர்கள் பெயரும் வாங்கினார்கள். பக்கத்து வியாபாரிகள் அவர்களுக்கு நெய்யப் பாவு கொடுக்கத் தயங்கினார்கள். நான் லுங்கிக் கட்டம் வரைந்துகொண்டு அதே நாற்காலியில் ஓய்வு பெறும்வரை இருந்தேன். நகரித் துணியில் அந்த அம்மாள் மறுபடி நூல் உருவுகிறார் என்று கேள்விப்பட்டபோதும், வெட்கத்துக்கு முன்னால் எனக்குப் பொறாமைதான் வந்தது.

4. சொல்ல வேண்டிய இடம்

ஓய்வு பெற்ற பிறகு, ஒரு கிருத்திகையன்று திருத்தணி மலைப்படியில் முனிரத்தினத்தைப் பார்த்தேன். மொட்டைத் தலையில் சந்தனம். அந்தக் கூட்டத்திலேயே அவன் கையைப் பிடித்துக்கொண்டு, அன்றைக்குப் பொய் சொன்னேன் என்றேன்.

"அது எனுக்குத் தெரியாதா சார்? என்னாண்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? தறிக்காரங்க வூட்டுக்குப் போய் சொல்லுங்க." கையை விடுவித்துக்கொண்டு மேலே ஏறிப்போனான்.

டிசைன் வேலைக்கு வரும் பிள்ளைகளே, உங்கள் துணி யார் கைக்குப் போகிறதோ, அந்தக் கைக்கு அதில் வேலை செய்ய இடம் விடுங்கள். பிக் கிளாஸில் கண்ட எண்ணை மாற்றாமல் சொல்லுங்கள். நான் கற்றது இவ்வளவுதான், அதையும் தாமதமாகக் கற்றேன்.

முனிரத்தினம் சொன்னபடி பொதட்டூர்பேட்டைக்குப் போனேன். முதல் வீட்டில் தறிக்காரர் இறந்துபோயிருந்தார். மகன் எத்திராஜுலு லுங்கி மடித்துக்கொண்டிருந்தான். முழுவதையும் சொன்னேன். அவன் மடிப்பதை நிறுத்தவில்லை.

"அப்போ எங்க நைனா சரியாத்தான் அட்சிருக்காரு?"

"சரியாத்தான் அடிச்சிருக்காரு."

"சொன்னத விட நெருக்கி அட்சிட்டேன் போல கீதுடான்னு, சாவற வரிக்கும் கையப் பாத்துகினே இருந்தாரு சார்."